இன்னும் இரண்டு தைப்பூசம் உயிரோடு இருக்கச் சொன்ன மருமகனுக்கு

பழைய லயன், தேயிலைத் தோட்டம்,
கேமரன் மலை.
ஞாயிற்றுக்கிழமை.

கோலாலம்பூரில் படிப்போடும் பவிசோடும் வாழும் மருமகன் சிரஞ்சீவி தனேஷுக்கு, உன் தாய்மாமன் சின்னையா சொல்லி எழுத வைத்தது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் நீ என்னிடம் கேட்பது அது ஒன்றைத்தானே. நீயும் உன் மனைவி வாணியும் அங்கே குறைவில்லாமல் இருக்க முருகன் துணை நிற்கட்டும். மரியாதை இதோடு முடிந்தது.

எழுதுகிறவர் பிரேமலா டீச்சர். நம் தோட்டத்துப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், செத்துப்போன உன் மாமிக்குச் சிநேகிதி. சொன்னதைச் சொன்னபடி எழுதுவேன், ஆனால் கெட்ட வார்த்தை மட்டும் எழுத மாட்டேன் என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். ஆகையால் எங்கெங்கே வாக்கியம் திடீரென்று குட்டையாக நிற்கிறதோ அங்கங்கே நீயே ஒன்றைப் போட்டுப் படித்துக்கொள். உனக்குத் தெரியாத வார்த்தையா, எல்லாம் உன் அப்பன் பேசியதுதான். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ மீட்டிங்கில் இருக்கிறாய். நான் இருமினால் மட்டும் மீட்டிங் நின்றுவிடுகிறது.

விஷயம் இதுதான். இந்த மாதக் கடைசிக்குள் தோட்டம் தந்த இந்த லயன் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும் என்று தோட்டத்து மேனேஜர் சொல்லிவிட்டார். நான் பிறந்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, உன் மாமியைத் தூக்கிக் கொடுத்த வீடு. காரணம் யார் என்று கேள். நீ.

மூன்று வருஷத்துக்கு முன்னால், தைப்பூசம் முடிந்த மறுவாரம் நீ வந்தாய். நீலக் கோடு போட்ட சட்டை, காலர் பட்டன் ஒன்று அறுந்திருந்தது. எனக்கு ஒரு வேட்டி, ஒரு டின் பிஸ்கட். அந்தப் பிஸ்கட் நமத்துப் போயிருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கோலாலம்பூரில் ஏதோ ஹோட்டலில் கோட்டுப் போட்ட ஒருத்தன் வீடு வாங்கிப் பணக்காரனாவது எப்படி என்று வகுப்பு எடுத்தானாம், நீ காசு கட்டிப் போய்க் கேட்டாயாம். ஒரு மனிதன் தான் குடியிருக்கும் வீட்டை விற்றால் வாழ்நாளில் ஒருமுறை லாப வரி கிடையாதாம். உன் ஒருமுறையை நீ முன்னாலேயே தின்று முடித்துவிட்டாயாம். "உங்களோடது சும்மாத்தானே கெடக்குது மாமா" என்றாய், என்னவோ என் வீட்டு மூலையில் கிடக்கிற பழைய மண்வெட்டியைக் கேட்கிற மாதிரி. நம் டவுன் தானா ராத்தாவில் மலை பார்த்த மாதிரி ஒரு அபார்ட்மெண்ட், காசு உன்னுடையது, பேர் என்னுடையது. நான் யோசித்தேன். நீ விடவில்லை. அம்மாவுக்கு அடுத்து தாய்மாமன்தானே என்றாய். உனக்குக் காது குத்தினபோது என் மடியில்தான் உட்கார்ந்தாய், கத்தின கத்தலில் என் வேட்டியை நனைத்தாய், அதையும் நீயே ஞாபகப்படுத்தினாய். நான் உருகிவிட்டேன். டீச்சர், இந்த இடத்தில் ஒரு வார்த்தை. சரி, வேண்டாம்.

"பேருக்குத்தான் மாமா. கைநாட்டு வச்சுட்டு வழக்கம்போல இருங்க லா" என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு லாயர் ஆபீசில் கட்டை விரலை உருட்டு உருட்டென்று உருட்டவைத்து, மை போகாத கையோடு ஒரு மசாலா தோசை வாங்கிக் கொடுத்தாய். ஒரு வீட்டுக்கு ஒரு தோசை. முகவரி என்ன மாமா என்று அங்கே கேட்டாய். எனக்குத் தெரிந்த முகவரி ஒன்றுதான். லயன் வீட்டுக்கு எவன் தபால் கொண்டுவருகிறான்? எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான். படித்த பிள்ளை, நீயும் அதையே எழுதினாய். அங்கே பிடித்தது சனி.

அதற்குப் பிறகு வரிச்சீட்டு, பராமரிப்புச் சீட்டு, தண்ணீர்ச் சீட்டு என்று எனக்கு வந்த கடிதத்தை அடுக்கினால் தேயிலை மூட்டை மாதிரி ஏறும். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருக்கிற அன்பரசி நல்ல பெண், எனக்குப் படிக்கத் தெரியாது என்று அவளே பிரித்துப் படிப்பாள். ஆனால் அவள் குரல் கோயில் குழாய் ஒலிபெருக்கி. சம்பளத்துக்கு நிற்கிறவன், லீவு கேட்க நிற்கிறவன், மருந்தடிக்கிற ஆள், எல்லாருக்கும் என் சொத்து விவரம் இலவசமாகக் கிடைத்தது. ஒருநாள் படித்தாள், நீ நாள் வாடகைக்கு விடுகிற அந்த வீட்டில் வந்து தங்கினவர்கள் குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கரியடுப்பு மூட்டிக் கோழி சுட்டார்களாம், நெருப்பு மணி அடித்துக் கட்டடமே போர்வையோடு கீழே இறங்கி நின்றதாம், வீட்டுக்காரர் சின்னையா விளக்கம் தர வேண்டுமாம். நான் என்ன விளக்கம் தருவேன்? நான் அந்த வீட்டுக் கோழியைப் பார்த்தேனா, கதவைப் பார்த்தேனா? அன்றிலிருந்து எனக்குப் பேர் முதலாளி. கடைக்கு வெற்றிலை வாங்கப் போனால் "முதலாளி, எங்களுக்கெல்லாம் போனஸ் எப்போ?" என்கிறான் ஒருத்தன். அவனுக்குச் சொன்ன பதிலை டீச்சர் எழுத மாட்டார்.

பிறகு அந்த அபார்ட்மெண்ட் வீட்டுக்காரர்கள் கூட்டம். உனக்கு வேலை, நீங்கள் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள், சாப்பாடு கொடுப்பார்கள் என்றாய். போனேன். எல்லாம் இங்கிலீஷ். மலாய் என்றால் எனக்கும் வாய் உண்டு, இங்கிலீஷில் பழைய துரை திட்டுவது மட்டும்தான் தெரியும். பலகாரமாக வந்த கறிபாப் தட்டு முன்வரிசையோடு நின்றுவிட்டது. தட்டு வைத்திருந்த அம்மாளைக் கூப்பிடக் கையைத் தூக்கினேன். எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்துச் சீனக் கிழவர் என் முதுகில் தட்டிக் கையைப் பிடித்துக் குலுக்கினார். கமிட்டியில் சேர யார் தயார் என்று அப்போதுதான் கேட்டிருக்கிறார்கள். கறிபாப் கடைசிவரைக்கும் வரவில்லை, பதவி வந்தது.

கமிட்டி என்றால் என்ன வேலை தெரியுமா? மற்றவனைக் குறை சொல்கிற வேலை. அது எனக்கு நன்றாகவே வந்தது, மறைப்பானேன், இங்கிலீஷைச் சீனக் கிழவர் காதில் மலாயில் சொல்லிவிடுவார். பால்கனியில் துணி காயப்போடக் கூடாது, மலை பார்க்க வருகிறவன் கண்ணில் உள்பாவாடை படக்கூடாது என்று ஒரு சட்டம். கை தூக்கினேன். அடுத்த கூட்டத்தில், ஒரு வீடு அனுமதி கேட்காமல் விடுதி நடத்துகிறது, கோழி சுடுகிறது, அதற்குக் கடுமையாக ஒரு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றார்கள். நியாயம்தானே? கை தூக்கினேன், நோட்டீசில் கைநாட்டும் வைத்தேன். அடுத்த வாரம் ஆபீசில் அன்பரசி அதைப் பிரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, "தாத்தா, அனுப்புனதும் நீங்கதான், வாங்குனதும் நீங்கதான்" என்றாள். பதினான்கு நாளுக்குள் நான் எனக்குப் பதில் சொல்லாவிட்டால் என்மேல் நான் நடவடிக்கை எடுப்பேனாம்.

இதையெல்லாம் பொறுத்தேன். மழைக் காலத்தில் நெஞ்சில் சளி கட்டித் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் படுத்தேனே, அங்கேதான் உன் குணத்தைப் பார்த்தேன். பார்க்க வந்தாய். ஆப்பிளை மேசையில் வைத்தாய், பைலை மடியில் வைத்தாய். நர்சிடம் மாமா சாப்பிட்டாரா என்று நீ கேட்கவில்லை, மாமாவால் கட்டை விரலை அசைக்க முடியுமா என்று கேட்டாய். நான் கண்ணை மூடியிருந்தேன், காதை மூடவில்லை. உடம்பு தேறி எழுந்த வாரமே டவுனில் இருக்கிற லாயர் விக்னேஸ்வரியிடம் கூட்டிக்கொண்டு போனாய். வீட்டை எனக்கே அன்பளிப்பாக எழுதிக் கொடுத்துவிடுங்கள், அன்புக்கும் பாசத்துக்கும் கொடுத்தால் சட்டத்தில் சலுகை உண்டு என்று வழியெல்லாம் பாடம் நடத்தினாய்.

அந்த லாயரம்மா தங்கமான பெண். அவள் சொன்னதை எழுத்து மாறாமல் சொல்கிறேன். "அந்தச் சலுகை புருஷன் பொண்டாட்டிக்கு, பெத்தவங்க பிள்ளைங்களுக்கு, தாத்தா பாட்டி பேரப்பிள்ளைங்களுக்கு. அவ்வளவுதாங்க ஐயா."

"தாய்மாமன்?" என்றேன்.

"தாய்மாமன் அதுல இல்லீங்க."

"எழுதும்போது மறந்துட்டாங்களாம்மா?"

அவள் சிரிக்கவில்லை, அது அவள் பெருந்தன்மை. தொட்டில் போட்டவன் நான், காது குத்த மடி கொடுத்தவன் நான், உன் தங்கச்சி ஆளானபோது சீர்த்தட்டைத் தலையில் சுமந்து லெம்பா பெர்த்தாம் மேட்டில் மூச்சிரைக்க ஏறியவன் நான், உன் கல்யாணத்துக்கு மாலை எடுத்துக் கொடுத்தவன் நான். சட்டத்துக்கு நான் யாரோ ஒரு வழிப்போக்கன். இப்போது மாற்றினால் விற்ற கணக்குத்தானாம், முத்திரை வரியும் லாப வரியும் கட்ட வேண்டுமாம். விடுதியாக நடக்கிற வீட்டுக்கு அந்த வாழ்நாள் சலுகை கேட்டால் கேள்வி வருமாம். வாங்கி ஐந்து வருஷம் தாண்டினால் லாப வரி விட்டுப்போகுமாம். நடுவில் நான் போய்விட்டால் வீடு என் மகன் விஜயனுக்குத்தான் போகுமாம். பேருக்குத்தான் என்று நீயும் நானும் வாயால் பேசினதை எந்தக் கோர்ட்டில் போய் நிரூபிப்பாய் என்று கேட்டாள். உயில் எழுதலாம், ஆனால் உயிரோடு இருக்கிறவர் அதை நினைத்தபோது மாற்றலாம் என்றாள். அதுவும் உனக்குப் பிடிக்கவில்லை. கடைசியாக அவள் கேட்டாளே ஒரு கேள்வி: "இதை உங்க அம்மா பேர்ல வாங்கியிருந்தா ஒரு பத்திரத்தோட முடிஞ்சிருக்குமே, ஏன் வாங்கல?"

நீ அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தாய். இந்தக் குளிரில் அந்த ஆபீசில் மின்விசிறியே கிடையாது. இருந்தாலும் பார்த்தாய். ஏன் என்று எனக்குத் தெரியும், வாங்கின அன்றைக்கே காரில் முன்னால் உட்கார்ந்து உன் வாணி சொன்னாளே, நான் பின்னால் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு: "அத்தை பேர்ல போட்டா அத்தை அங்கேயே குடி வந்து உக்காந்துடுவாங்க. மாமா பாவம், அவரு லயனை விட்டு நகர மாட்டாரு." அந்த வார்த்தையை மூன்று வருஷமாக வயிற்றுக்குள் வைத்திருந்தேன். உன் அம்மா பரமேஸ்வரி வேறு, எனக்கு இல்லாத வீடு அண்ணனுக்கு எப்படி வந்தது என்று என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் இருக்கிற பெர்த்தாமிலிருந்து மாதம் தவறாமல் வருகிற முட்டைக்கோஸ் கூட நின்றுபோனது. அவளிடம் உண்மையைச் சொன்னால் உன் வீட்டில் தீ எரியும் என்று நான் வாயைக் கட்டினேன்.

லாயர் ஆபீசிலிருந்து இறங்கிக் காருக்குப் போகிற வழியில், அந்த ஸ்ட்ராபெரிக் கடை முன்னால், நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். "இன்னும் ரெண்டு தைப்பூசம் மட்டும் எப்படியாச்சும் இருந்துடுங்க மாமா."

"அதுக்கப்புறம்?" என்று கேட்டேன்.

"அதுக்கப்புறம் உங்க இஷ்டம் மாமா."

மருமகனே, எனக்குக் கோபம் வந்து தான் பார்த்ததில்லை என்று உன் மாமி சொல்வாள். அவள் இருந்திருந்தால் அன்றைக்குப் பார்த்திருப்பாள்.

அதிலிருந்து தினம் காலையில் போன். முப்பது வருஷமாகத் தீபாவளிக்கு ஒருதரம் பேசினவன், மூடுபனி விலகுவதற்குள் கூப்பிடுகிறாய். எங்கள் லயனில் சிக்னல் கிடையாது, தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினால்தான் உண்டு. எடுக்காவிட்டால் ஆபீசுக்கு அடித்து, தாத்தா இருக்கிறாரா என்று அன்பரசியைக் கேட்கிறாய். அந்த மானக்கேட்டுக்குப் பயந்து சால்வையைச் சுற்றிக்கொண்டு வழுக்கு மண்ணில் ஏறுகிறேன். நான் உயிரோடு இருப்பதை நீ தெரிந்துகொள்வதற்காக நான் தினம் சாகப் பார்க்கிறேன். இதில் சத்து மாத்திரை வேறு பார்சலில். ஒவ்வொன்றும் மாட்டுக்குக் கொடுக்கிற அளவு. சிங்கப்பூரில் இருக்கிற விஜயனுக்கு எவனோ சேதி சொல்ல, அவனும் கூப்பிட்டான். அப்பா, வீடு வாங்கினதைச் சொல்லவேயில்லையே, எந்த மாடி என்று கேட்டான். ஒருத்தன் நான் இருக்க வேண்டும் என்கிறான், ஒருத்தன் எந்த மாடி என்கிறான். எப்படி இருக்கிறாய் என்று கேட்க ஆள் இல்லை.

போன வாரம் மேனேஜர் கூப்பிட்டார். சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர், நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் கழுத்தை அறுத்தார். வேலைக்கு வந்திருக்கிறவர்கள் ஒரு அறையில் ஆறு பேர் படுக்கிறார்களாம். ஓய்வு பெற்றவர்களைப் போக இடமில்லையே என்றுதான் விட்டு வைத்திருக்கிறார்களாம். "உங்களுக்குத்தான் டவுன்ல சொந்த வீடு இருக்கே ஐயா" என்றார். மேசைமேல் என் பேருக்கு வந்த கடிதங்கள் கட்டாக இருந்தன. அது என் வீடு இல்லை, மருமகன் சும்மா பேருக்கு என் பேரில் போட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு வார்த்தை உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்வோம் என்று தொட்டி மேட்டுக்கு ஏறி உனக்கு அடித்தேன். நீ என்ன சொன்னாய்? "ஐயோ, பேருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க மாமா, என் கணக்கெல்லாம் கெட்டுடும். எங்கயாச்சும் ஒரு ரூம் பார்த்துக்குங்க, ரெண்டு வருஷம்தானே." ரூம் பார்க்க வேண்டுமாம். மலை பார்த்த வீட்டுக்குச் சொந்தக்காரன், திரிங்காப்பில் எவன் காய்கறிக் கொட்டகைக்குப் பின்னாலோ போய் ரூம் கேட்க வேண்டும்.

ஆகையால் எழுத்தில் சொல்கிறேன், வாய்ப்பேச்சு செல்லாது என்று உன் லாயரம்மாவே சொல்லிவிட்டாள். உடனே வந்து மேனேஜர் முன்னால் நின்று உள்ளதைச் சொல்லி என் லயனை மீட்டுக் கொடு. உன் வீட்டை என் பேரிலிருந்து பிடுங்கிக்கொண்டு போ. என்ன வரி வந்தாலும் கட்டு. சட்டத்துக்குத் தாய்மாமன் வேண்டாம் என்றால் எனக்கும் மருமகன் வேண்டாம். இனிமேல் காலையில் போன் அடிக்காதே. நான் செத்தால் அன்பரசி கத்திச் சொல்வாள், கோலாலம்பூருக்கே கேட்கும்.

வாணிக்கு என் ஆசீர்வாதம், முழுதாக இல்லை, பாதி. உன் பிள்ளைகளுக்கு முழு ஆசீர்வாதம், அவர்கள் என்ன செய்தார்கள். உனக்கு நீண்ட ஆயுள் உண்டாகட்டும், உன் பேரில் எவனாவது வீடு வாங்கட்டும், அவன் தினம் காலையில் உனக்குப் போன் செய்யட்டும்.

இப்படிக்கு,
உன்னை மடியில் வைத்திருந்த பாவத்துக்கு,
சின்னையா
(கைநாட்டு)

பின்குறிப்பு: தபால்தலை வாங்க டவுனுக்குப் போன இடத்தில் லாயரம்மாவைப் பார்த்ததால் இந்தக் கடிதம் ஒரு வாரம் தாமதம். மேலே எழுதினதையெல்லாம் படித்துவிட்டாய் என்றால் இருக்கட்டும், டீச்சர் கைவலிக்க எழுதினது. ஆனால் எதையும் செய்ய வேண்டாம். மேனேஜரிடம் வர வேண்டாம், பேரையும் மாற்ற வேண்டாம். லாயரம்மாவிடம், ரூம் தேடுகிறேன் என்று சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்து, "வீட்டுக்காரர் நீங்கதானே ஐயா? குடியிருக்கிற வீடுன்னு ஆயிட்டா, வரிச் சலுகைக்கும் பேச ஒரு வழி உண்டு" என்றாள். உன் நன்மைக்காகத்தான் மருமகனே, சனிக்கிழமை குடி வந்துவிட்டேன். லயன் சாவியைக் கொடுத்ததும் மேனேஜர் தேயிலைப் பாக்கெட் ஒரு பெட்டி கொடுத்து அனுப்பினார். திரிங்காப் தர்மாவின் காய்கறி லோரியில் கட்டிலும் உன் மாமி படமும் வந்தன. உன் வாடகைக்காரர்கள் காலி செய்கிற நேரம், நல்ல பிள்ளைகள், கட்டிலை அவர்களே மாடிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, என்னோடு படமும் எடுத்துக்கொண்டு, போனில் வீட்டுக்காரருக்கு ஐந்து நட்சத்திரம் போட்டார்களாம். அதுதான் கடைசி நட்சத்திரம். இனிமேல் விடுதி நடத்தக் கூடாது என்று நான் எனக்கு அனுப்பின நோட்டீசுக்கு நான் கீழ்ப்படிந்துவிட்டேன். பூட்டையும் மாற்றியாயிற்று.

உன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நாற்பது நிமிஷம் அழுதாள், பிறகு முட்டைக்கோஸ் மூட்டையோடு வந்து இறங்கினாள். பால் காய்ச்சினவள் அவள்தான். வெந்நீர்க் குழாய் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, சின்ன அறை அவளுக்கு. வாணியிடம் பக்குவமாகச் சொல்.

நீ வரும்போது மணி அடி, கதவைத் திறப்போம். காலையில் போன் வேண்டாம் என்றது அப்படியே நிற்கிறது. நான் இருக்கிறேனா என்று பார்க்க வேண்டுமானால் கீழே ரோட்டில் நின்று அண்ணாந்து பார். பால்கனியில் என் வேட்டி காயும். காயப்போடக் கூடாது என்றுதான் சட்டம். யாராவது புகார் கொடுத்தால், கமிட்டியில் நான் விசாரிக்கிறேன்.